எத்திக்ஸ் பேப்பர்: தனியாக வைப்பதா, ஆன்லைனில் தள்ளுவதா, எல்லாப் பாடத்திலும் கலப்பதா?

பொறியியல் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்ததும் முதல் வேலையாகப் பாடத்திட்டத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி அடுக்குவார்கள். எந்தப் பேப்பர் எந்த செமஸ்டர், எதற்கு எத்தனை கிரெடிட், எதைத் தூக்கிவிட்டு எதைச் செருகுவது என்று துறைக்குத் துறை சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் யாரும் தங்கள் பக்கம் இழுக்காத ஒரே பேப்பர் எத்திக்ஸ், அதாவது அறநெறி. காரைக்குடியைச் சுற்றியுள்ள கல்லூரி ஒன்றில் சிவில் துறையில் பாடம் எடுக்கிறேன். அந்தப் பேப்பரை என்ன செய்யலாம் என்று ஒரு குறிப்பு எழுதித் தரும்படி எங்கள் பாடத்திட்டக் குழு என்னிடம் கேட்டிருக்கிறது. "பசங்க ஃபீட்பேக்கைப் பாருங்க மேடம், எதுல திருப்தியா இருக்காங்களோ அதையே வச்சிடலாம்" என்பது குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்ன யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் இல்லை, இருக்கிற வழிகளில் எதை எடுக்கலாம் என்பதை அந்தக் குறிப்பில் எழுதுவதைவிடக் கொஞ்சம் வெளிப்படையாக இங்கே எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய வேறு கல்லூரிக்காரர்களுக்கும் உதவலாம்.

பேப்பரே வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-ல் நிரந்தர உறுப்பினர் ஆனது. என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்திடம் அங்கீகாரம் கேட்கும் படிப்பு எதுவானாலும், மாணவர் என்னென்ன திறனோடு வெளியே போகிறார் என்று காட்ட வேண்டும். அதில் அறநெறியும் ஒன்று. பன்னிரண்டு அம்சம் கொண்ட பழைய பட்டியலில் அது எட்டாவது. அந்த அம்சங்களுக்குப் பேர் 'ப்ரோகிராம் அவுட்கம்', சுருக்கமாக பிஓ. 'பிஓ எட்டு' என்றால் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் புரியும். ஒவ்வொரு பாடமும் அதற்கு எவ்வளவு உதவுகிறது என்று காட்டும் கட்டத்தில் 3 போடுவதா 2 போடுவதா என்பதுதான், உண்மையைச் சொன்னால், எங்களுக்குள் நடக்கும் ஒரே அறநெறி விவாதம்.

இப்போது இருப்பது என்ன? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, ஏழாவது செமஸ்டரில் மனித விழுமியங்களும் அறநெறியும் என்ற பேப்பர், இரண்டு கிரெடிட். ஜனநாயக விழுமியம், மதச்சார்பற்ற விழுமியம், அறிவியல் விழுமியம், சமூக அறம், அறிவியல் அறம் என்று ஐந்து யூனிட். இதற்கு முந்தைய விதிமுறைகளில் விருப்பப் பாடமாக இருந்த 'ப்ரொஃபஷனல் எத்திக்ஸ்' வேறு மாதிரி. ஒழுக்க உணர்வு மனிதரிடம் எப்படி வளர்கிறது என்று சொன்ன உளவியலாளர்கள் கோல்பெர்க், கில்லிகன் இவர்களின் கோட்பாடுகள், பொறியியலைச் சமூகத்தின் மேல் நடத்தும் பரிசோதனையாகப் பார்ப்பது, பாதுகாப்பும் அபாயமும், பொறியாளரின் பொறுப்பும் உரிமையும் என்று போகும். எனக்குப் பழையதுதான் பிடிக்கும், அதில் பொறியாளர் என்று ஒரு ஆள் இருந்தார். புதியதில் நல்ல குடிமகன் இருக்கிறார், அவரும் வேண்டியவர்தான், ஆனால் அவர் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

எந்தப் பேப்பரானாலும் கேள்வித்தாள் ஒரே அச்சுதான். பத்து இரண்டு மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க். கோல்பெர்க் சொன்ன மூன்று நிலை, ஆறு படிகளைப் படம் போட்டு எழுதினால் 13 மார்க்கில் பெரும்பகுதி வந்துவிடும். அந்த ஆறு படியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று எழுதுகிறவர் யோசிக்க அந்தக் கேள்வியில் இடமே கிடையாது.

சரி, திருப்திக்கு வருவோம். ஃபீட்பேக் எப்படி வாங்குகிறோம் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். செமஸ்டர் முடிகிற நேரத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் ஒன்று வரும், ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஃபில் பண்ணாதவர் பட்டியல் மறுநாள் வரும், அந்தப் பட்டியலில் பேர் வரக்கூடாது என்பதற்காக எல்லாவற்றுக்கும் நாலு போட்டு அனுப்பிவிடுவார்கள். அதில் எத்திக்ஸ் பேப்பருக்கு மதிப்பெண் எப்போதும் நன்றாகவே வரும். அரியர் விழாத பேப்பர், கணக்கு கிடையாது, கடைசி இரண்டு நாள் படித்தால் போதும், ஆசிரியரும் வருகைப் பதிவில் கெடுபிடி பண்ண மாட்டார். அதுவும் ஏழாவது செமஸ்டரில்! பாதிப் பேர் பிளேஸ்மென்ட் டிரைவுக்காகச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பல்லவன் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்க்கொண்டிருக்கிற சமயத்தில், தொந்தரவு தராத பாடம் எதுவோ அதுதான் திருப்தியான பாடம்.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முதல்நிலை இயற்பியல் வகுப்புகளில் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது. ஒரே விஷயத்தை ஒரு குழுவுக்குச் சரளமான விரிவுரையாகவும், இன்னொரு குழுவுக்குத் தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டிக் கற்கும் விதமாகவும் நடத்தினார்கள். மல்லுக்கட்டியவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். விரிவுரை கேட்டவர்களுக்கு நேர்மாறு. இயற்பியலுக்கே இந்தக் கதி என்றால், முடிவான விடை இல்லாத கேள்விகளைப் பேசுகிற பாடத்தில் கேட்கவே வேண்டாம். என் வகுப்பிலும் பார்க்கிறேன், எத்திக்ஸ் பாடம் சரியில்லை என்று வந்து சொல்லும் ஒன்றிரண்டு பேர்தான் அதைப் பற்றி உண்மையில் யோசித்தவர்களாக இருப்பார்கள். நாலு போட்டவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே திருப்தி எண்ணை நான் பார்ப்பேன், எதனால் அது கூடியது, எதனால் குறைந்தது என்று கேட்பதற்காக மட்டும் பார்ப்பேன். அதை வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இனி வழிகள். முதல் வழி, இருப்பதை அப்படியே விடுவது, அதாவது தனிப் பேப்பர், விரிவுரை, எழுத்துத் தேர்வு. இதற்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, கால அட்டவணையில் அதற்கென்று ஒரு இடம் உண்டு. இடம் இருந்தால்தான் ஒரு ஆள் பொறுப்பாக இருப்பார், பாடம் காணாமல் போகாது. மற்றபடி குறைகள்தான். யாருக்கு வேலைப்பளு குறைகிறதோ அவர் தலையில் இதைக் கட்டுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர், இல்லையென்றால் மேலாண்மைத் துறை. அவர் கிடைத்த பிபிடியை ஓட்டுவார். அதில் கட்டாயம் சேலஞ்சர் விண்கல விபத்து இருக்கும். 1986 ஜனவரி 28, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், குளிரில் ரப்பர் இறுகும் என்று முந்தின இரவே பொறியாளர்கள் தடுத்துப் பார்த்தது, நிர்வாகம் அதை மீறியது. அருமையான உதாரணம்தான், நானே எடுப்பேன். ஆனால் கடைசி பெஞ்சில் இருப்பவன் அதை நாசாவில் நடந்த கதையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். அதே வகுப்பில் 2014 ஜூன் மாதம் சென்னையை ஒட்டிய மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததைப் பேசினால் நிமிர்ந்து உட்காருகிறான். அந்தக் கட்டடத்துக்கும் யாரோ டிசைன் போட்டிருப்பார், யாரோ சைட்டில் நின்றிருப்பார் என்று அவனுக்கே படுகிறது, ஏனென்றால் அவன் அண்ணனோ சித்தப்பாவோ அப்படி ஏதாவது ஒரு சைட்டில் நின்றுகொண்டிருப்பார்.

இரண்டாவது வழி ஆன்லைன், அதாவது என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளம். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கும் வகுப்புகள், தரத்தில் குறை சொல்ல முடியாது, சிலவற்றை நானே விரும்பிக் கேட்டிருக்கிறேன். வாரா வார அசைன்மென்ட்டுக்கு 25 சதவீதம், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். அசைன்மென்ட் வந்த கொஞ்ச நேரத்தில் விடைகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் வந்துவிடும் என்பதும், எத்திக்ஸ் அசைன்மென்ட்டைக் காப்பியடித்து எழுதுவதில் இருக்கும் வேடிக்கை யாருக்கும் உறைப்பதில்லை என்பதும் ஊரறிந்த விஷயம். நிர்வாகத்துக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஆளே போட வேண்டாம். மாணவர் திருப்தியும் கூடுதலாகவே வரும். ஆர்வம் உள்ளவர் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும், அதற்குமேல் இதை வைத்துப் பாடத்தை முடித்துவிட்டதாகக் கணக்குக் காட்டக்கூடாது.

மூன்றாவது, முதலாண்டிலேயே முடிப்பது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇ கொண்டுவந்த மூன்று வார அறிமுக நிகழ்ச்சியில் 'யுனிவர்சல் ஹ்யூமன் வேல்யூஸ்' என்று ஒரு பகுதி உண்டு. தன்னைத் தானே பார்ப்பது, குடும்பம், சமூகம், இயற்கை, இவற்றோடு இசைவாக வாழ்வது என்று போகும். இது உண்மையிலேயே பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசப் பயந்து உட்கார்ந்திருக்கும் பெண் அந்த மூன்று வாரத்தில்தான் வாய் திறக்கிறாள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பீம் என்றால் என்ன என்றே இன்னும் தெரியாத ஒருவரிடம், கம்பி குறைந்த பீமுக்குக் கையெழுத்துப் போடலாமா என்று எப்படிக் கேட்பது? பொறியியல் தப்புகளில் பலவற்றைச் செய்தவர்கள் வீட்டிலும் தெருவிலும் நல்ல பேர் எடுத்தவர்கள். டெட்லைன், காண்ட்ராக்டர், மேலதிகாரி, வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்து நெருக்கியபோது அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நெருக்கடி மூன்று வார நிகழ்ச்சியில் எங்குமே வராது. இது இருந்துவிட்டுப் போகட்டும், மற்றதற்குப் பதிலாக வேண்டாம்.

நான்காவது வழி, எல்லாப் பாடத்திலும் கலப்பது. இதுதான் எனக்கு நீண்ட நாளாகப் பிடித்த வழி. எழுதும்போதே கை தானாக இந்தப் பக்கம் சாய்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிவிலில் சர்வே கேம்ப் என்று ஒன்று உண்டு. டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவார்கள். இந்தப் பக்கம் எங்கே கேம்ப் போட்டாலும் ஒரு ஊருணி வரும். செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, மழைத் தண்ணீரைப் பிடித்துத்தான் வாழ்ந்தார்கள். வீட்டு ஓட்டில் விழும் தண்ணீர் முற்றத்துக்கு வந்து, தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி ஊரையே கட்டியிருக்கிறார்கள். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் இன்று பல இடங்களில் பிளாட் போட்ட நிலத்துக்கு நடுவில் கிடக்கிறது. கேம்ப்பில் லெவல் எடுக்கும்போதே ஒரு கேள்வியை வைக்கலாம்: இந்த இடத்தை லேஅவுட் போட உங்களிடம் வருகிறார்கள், ஓனர் வரத்துக்காலைப் படத்தில் காட்ட வேண்டாம் என்கிறார், பல வருஷமாகத் தண்ணீரே வரவில்லை என்கிறார், அது உண்மையும்கூட. என்ன செய்வீர்கள்? இதற்குக் கோல்பெர்க் வேண்டாம். மேடு பள்ளம் காட்டும் கான்டூர் மேப்பைப் பார்த்தாலே தண்ணீர் எங்கே போய்த் தேங்கும், யார் வீட்டுக்குள் போகும் என்று அவர்களே காட்டுவார்கள்.

கம்ப்யூட்டர் துறையில் கடன் செயலியை எடுத்துக்கொள்ளலாம். வட்டித் தொழிலுக்குப் பேர் போன வட்டாரத்தில் இதைப் பேசாமல் இருப்பதுதான் அதிசயம். கடன் வாங்கியவரின் போனில் உள்ள கான்டாக்ட் பட்டியலை எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கும் செயலிகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த டிஜிட்டல் கடன் வழிகாட்டு நெறிகளில், கான்டாக்ட் பட்டியல், கால் விவரம் போன்றவற்றைச் செயலி தொடக்கூடாது என்று தடை போட்டார்கள். மொபைல் ஆப் லேபில் அனுமதி கேட்கும் கோடு எழுதச் சொல்லித்தரும் அன்றைக்கே இதைச் சொல்ல பத்து நிமிடம் போதும். அந்த அனுமதியைக் கேட்கும் வரியை எழுதியவரும் உங்களை மாதிரி ஒரு பட்டதாரிதான் என்று சேர்த்துச் சொல்லலாம். கெமிக்கல் துறைக்கு உதாரணம் தேடி வெளியூர் போகவே வேண்டாம், மின்வேதியியலுக்கென்றே சிக்ரி என்ற ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. பேட்டரி பற்றிப் பேசும் ஊரில், பழைய லெட் ஆசிட் பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறைகளில் ஈயம் யார் ரத்தத்தில் போய்ச் சேர்கிறது என்றும் பேச வேண்டும்.

இந்த வழிக்கு ஆதரவாக நம் வட்டாரத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நடத்திய வட்டிக் கடைகளில் பையன்களைச் சின்ன வயதிலேயே பெட்டியடியில், அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில், உட்காரவைத்துவிடுவார்கள். பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள் என்று ஏறுவான். பேரேடு எழுதுவது, ஐந்தொகை போடுவது எல்லாம் வேலையோடு வேலையாக வந்தது. அடுத்தவர் பணத்தைத் தொடக்கூடாது, சொன்ன நாளில் தர வேண்டும் என்பதும் அதே இடத்தில்தான் வந்தது. யாரும் தனியாக நேர்மை என்று வகுப்பு எடுக்கவில்லை. எங்கள் கல்லூரியில் இதைப் பெருமையாக எடுத்துச் சொல்லி, "இதே மாதிரி எல்லாப் பாடத்திலும் கலந்துவிட்டால் போதும்" என்று பேசுகிறவர்கள் உண்டு, ரொம்ப நாள் நானும் அப்படியே பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். கீழ் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் 1930-ல் சுமார் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டின் கடைசியில் அது சுமார் 25 சதவீதம். நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் வந்து சேர்ந்தது. கடைக்காரர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர், அவர்களுக்கு வேண்டியது பணம்தான், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பேரேட்டில் ஒரு காசு தப்பு இருந்திருக்காது. ஆனால் அந்தப் பர்மிய விவசாயிக்கு என்ன ஆனது என்ற கேள்வி பெட்டியடியிலிருந்து எழும்பவே எழும்பாது, அந்தக் கணக்கில் அவர் வெறும் பற்று. அப்போது வந்த பகையின் விலையைப் பின்னால் நம் ஆட்களும் கொடுத்தார்கள் என்பது இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இருக்கும் ஆச்சிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கலந்து சொல்லித்தருவதில் இருக்கும் சிக்கல் இதுதான். ஒவ்வொரு தொழிலும் தன் நேர்மையை நன்றாகவே கற்றுக்கொடுத்துவிடும். ஆனால் அந்தத் தொழிலையே வெளியே நின்று பார்த்து, இது யாருக்கு வலிக்கிறது என்று கேட்கப் பழக்காது. கான்கிரீட் ஆசிரியர் ஐஎஸ் 456 என்ற தரவிதி சொல்கிறபடி கம்பிக்கு மேல் கவர் விடு என்பார், அது அறம்தான், அதற்குமேல் அந்த அபார்ட்மென்ட் எதன் மேல் நிற்கிறது என்று அவர் பாடத்தில் கேட்க மாட்டார்கள். இன்னொன்று, கலந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவில் பல கல்லூரிகளில் பொறியியல் ஆசிரியர்களையும் மாணவர்களையும் விசாரித்து 2012-ல் வெளியான ஆய்வில் ஒரு விஷயம் வந்தது. நுணுக்கமாக, பல கோணத்தில் சொல்லித்தருவதாக ஆசிரியர்கள் நினைத்தார்கள். மாணவர்கள் காதில் விழுந்தது என்னவோ விதிமுறை, சட்டம், இதைச் செய்யாதே அதைச் செய்யாதே என்பதுதான். எங்கள் துறையில் விசாரித்தாலும் இதேதான் வரும் என்று பந்தயம் கட்டுவேன். அப்புறம் எல்லோருடைய வேலை என்றால் யாருடைய வேலையும் இல்லை, என்பிஏ ஃபைலில் மட்டும் எல்லாப் பாடத்துக்கு நேராகவும் ஒரு 2 ஏறியிருக்கும்.

ஐந்தாவது வழி, வகுப்பில் உதாரணங்களை வைத்து வாதம் பண்ணவிடுவது. சின்னக் குழுவாக, ஆசிரியர் கடைசிவரை விடை சொல்லாமல். நான் வழக்கமாக வைக்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன், இது கற்பனை, ஆனால் இந்த ஊரில் யாருக்கும் கற்பனை என்று தோன்றாது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. பல புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு, பாதிப் பேர் சிங்கப்பூரிலும் சென்னையிலும். கூரையில் ஒரு பகுதி ஒழுகுகிறது, மற்றபடி சுவர் நன்றாகவே இருக்கிறது. ஒரு தரப்புப் பங்காளிகள் வீட்டை இடித்துப் பர்மாத் தேக்குத் தூண்கள், நிலை, கதவு எல்லாவற்றையும் விற்றுவிட நினைக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அவை எங்கே போகும் என்று தெரியும். இன்னொரு தரப்பு, கும்பிடுகிற வீடு, இடிக்கக்கூடாது என்கிறது. கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று நீங்கள் ஒரு சான்று கொடுத்தால் முதல் தரப்புக்கு வழி பிறந்துவிடும். முழுப் பொய்யும் சொல்ல வேண்டாம், ஒழுகும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

இதை வைத்தால் வகுப்பு பற்றிக்கொள்ளும். ஒருவர் உண்மையை மட்டும் எழுதினால் தப்பே இல்லை என்பார். எதை விடுகிறோம் என்பதில்தான் பொய் இருக்கிறது என்பார் இன்னொருவர். மேஸ்திரி மகன் ஒருவன் "மேடம், அந்தச் சுண்ணாம்புச் சாந்தைச் சரிபண்ணத் தெரிஞ்ச ஆளே இப்ப நாலு பேர்தான், நல்லாருக்குன்னு எழுதி அஞ்சு வருஷத்துல விழுந்தா யாரு பொறுப்பு?" என்று கேட்டான். அதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் பராமரிக்கும் செலவை யார் தருவது என்று கேட்ட பெண்ணும் சரியாகத்தான் கேட்டாள்.

சரி, ஃபீட்பேக்? தனிப் பேப்பரைவிடக் குறைவாகத்தான் வந்தது. "கடைசிவரைக்கும் ஆன்ஸர் சொல்லவே இல்லை", "நோட்ஸ் இல்லை", "எக்ஸாமுக்கு எதைப் படிக்கிறதுன்னு தெரியலை". இந்த அதிருப்தி எனக்குச் சம்மதம். ஆனால் வேறு மாதிரி அதிருப்தி ஒன்றும் வந்தது, அதை அப்படித் தள்ளிவிட முடியாது. சத்யேந்திர துபேயைப் பற்றிப் பேசியபோது வந்தது அது. ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர், தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேட்டைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார், தன் பேரை வெளியிட வேண்டாம் என்று கேட்டும் பேர் கசிந்தது, 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். "அப்ப பேசினா இதுதான் கதின்னு சொல்றீங்களா?" என்று ஒருவன் கேட்டான். டாக்டருக்குப் பதிவு உண்டு, கட்டடக்கலைஞருக்கு 1972-லேயே சட்டம் வந்து கவுன்சில் உண்டு, பொறியாளருக்கு அப்படி நாடு முழுவதும் பொருந்துகிற பதிவுச் சட்டம் கிடையாது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுக்கிறவர் பின்னால் சாய ஒரு சுவர்கூட இல்லை. மறுத்துவிடு என்று மட்டும் சொல்லித்தந்தால் அது பாதிப் பாடம். எழுத்தில் பதிவு செய்து வைப்பது, மின்னஞ்சலில் சந்தேகத்தைக் கேள்வியாக அனுப்புவது, சீனியர் ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொள்வது, வேலையை விடுவதானால் எப்போது விடுவது, இந்த நடைமுறையெல்லாம் சொல்லித்தர வேண்டும். அந்த அதிருப்தி நியாயமானது, அதற்கப்புறம் பாடத்தைக் கொஞ்சம் மாற்றினேன்.

எந்த வழியை எடுத்தாலும் அதைக் கெடுக்கிற ஒன்று இருக்கிறது, கல்லூரியே நடந்துகொள்ளும் விதம். லேப் ரெக்கார்டு சீனியரிடமிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும், கையெழுத்துப் போடுகிறோம். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை மதுரையிலோ திருச்சியிலோ ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று தெரியும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் சிரித்துவிட்டு விடுகிறோம். அங்கீகாரக் குழு வருவதற்கு முந்தின வாரம், நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுகிறவர்களுக்கு உட்கார்ந்து உதவி பண்ணுவது அதே மாணவர்கள்தான். 2014-ல் வெளியான ஒரு ஆய்வு, அமெரிக்காவில் நான்கு கல்லூரிகளின் பொறியியல் மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, படிக்கப் படிக்கப் பொதுநலனில் அவர்களுக்கு இருந்த அக்கறை குறைந்துகொண்டே போனதைக் காட்டியது. நம் ஊரில் யாராவது அளந்தால் என்ன வரும் என்று யோசிக்கவே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

குழுவுக்கு நான் எழுதப்போவது இது. தனிப் பேப்பரை எடுக்க வேண்டாம், இரண்டு கிரெடிட்டும் இருக்கட்டும், ஆனால் ஏழாவது செமஸ்டரிலிருந்து ஐந்தாவதுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது பாடமும் கொஞ்சம் தெரிந்திருக்கும், பிளேஸ்மென்ட்டும் தொடங்கியிருக்காது. வாரத்தில் ஒரு மணி நேரம் விரிவுரை, ஒரு மணி நேரம் முப்பது பேருக்கு மேற்படாத குழுவில் வாதம். ஒவ்வொரு துறையும் இந்த வட்டாரத்து உதாரணம் ஒன்றாவது எழுதித் தர வேண்டும், போபால் விஷவாயுவும் சேலஞ்சரும் கூட இருக்கட்டும். பெட்டியடியால் கேட்க முடியாத கேள்விக்கு இந்த ஒரு மணி நேரம்தான் இடம். கலப்பதை எல்லாப் பாடத்திலும் செய்யப் போனால் ஒன்றிலும் நடக்காது. இரண்டு இடம் போதும்: சர்வே கேம்ப்பும் அந்தந்தத் துறையில் அதற்கு இணையான லேபும் ஒன்று, கடைசி வருஷ ப்ராஜெக்ட் வைவா இன்னொன்று. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம், இது தப்பாகப் போனால் யாருக்கு என்ன ஆகும் என்று. வைவாவில் அதிலிருந்து ஒரு கேள்வி. காசு கொடுத்து வாங்கியவர் அந்த இடத்தில் தானாகத் திணறுவார்.

இதில் செலவு எங்கே என்றால், அறுபது பேர் வகுப்பை இரண்டாகப் பிரிக்கிற ஆசிரியர் மணி நேரம்தான். நிர்வாகம் முகம் சுளிக்கும், தெரியும். ஆளே தர முடியாது என்று சொல்லிவிட்டால், மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு வைவா கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்வேன். அதற்குப் புதிதாக ஒரு ரூபாய்கூட வேண்டாம், எக்ஸாமினர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

ஃபீட்பேக் ஃபார்மில் அந்த ஒன்றிலிருந்து ஐந்தை எடுக்க முடியாது, என்பிஏ ஃபைலுக்கு அது வேண்டும். அதற்குக் கீழே இரண்டு வரி எழுதும்படி ஒரு கேள்வி சேர்க்கலாம்: இந்த செமஸ்டரில் எந்த விஷயத்தில் உங்கள் கருத்து மாறியது, எதில் ஆசிரியரோடு இன்னும் உடன்பாடில்லை? முதல் வருஷம் திருப்தி எண் இறங்கும் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவைத்துவிடுவது நல்லது. பிஓ கணக்கில் மாணவர் கருத்துக்குப் பெரும்பாலும் 20 சதவீதம்தான் எடை போடுகிறோம், ஆகவே நாலு மூன்றரை ஆனாலும் ஃபைலில் பெரிதாக ஒன்றும் ஆகாது.